அந்நிய மண்ணில் அண்டை வீட்டார்

அருமை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்தது கி.பி. 622-ஆம் ஆண்டு. அன்று அவர்களைக் காண முண்டியடித்த கூட்டத்தில் ஒரு யூத அறிஞரும் இருந்தார். அவர் பெயர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி நபித்தோழராய் உயர்ந்த அவர், அன்று நாயகத்தின் திருவாயிலிருந்து தாம் முதன்முதலாகக் கேட்டது என்ன என்பதை அறிவித்திருக்கிறார். திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் அது பதிவாகியுள்ளது. ஸலாமைப் பரப்ப வேண்டும், பிறருக்கு உணவளிக்க வேண்டும், இரத்த பந்தங்களைச் சேர்ந்து வாழ வேண்டும், மக்கள் உறங்கும் வேளையில் எழுந்து தொழ வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். புது ஊரில் கால் வைத்த அன்று சொல்லப்பட்ட பாடம் இது. முதலில் முகமன், அடுத்தது சோறு. இரவுத் தொழுகை கடைசியில்தான் வருகிறது. தொழுகை சிறிது என்பதல்ல இதன் கருத்து. ஊருக்குப் புதியவனாய் வந்தவன் எந்த வாசல் வழியே ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதை அந்த வரிசை நமக்குக் காட்டித் தருகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சேலம் மாவட்டத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. வெள்ளையர் காலத்தில் மலேயாவின் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்று போனவர்கள் கூட்டமாய்ப் போனார்கள், ஒரே லயத்தில் தங்கினார்கள், அடுத்த அறையில் இருப்பவன் யாரென்று கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. இன்று அப்படியா? அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு வாலிபர் படித்து வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ போகிறார். ஆறு மாதம் கழித்து மனைவியை அழைத்துக் கொள்கிறார். பன்னிரண்டாவது மாடியில் ஒரு வீடு. காலையில் அவர் வேலைக்குப் போனால் இருட்டிய பின்தான் திரும்புகிறார். அதுவரை அந்தப் பெண் தனியே இருக்கிறாள்.

அப்படிச் சிங்கப்பூர் சென்ற ஒரு பெண்ணின் தாயார் நம்மிடம் வந்து ஒரு விளக்கம் கேட்டார்கள். “ஹஜ்ரத், பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவி. அவர்கள் வருஷப் பிறப்பன்று இரண்டு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறாள். மகள் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திறக்கவில்லை. மாப்பிள்ளை யாருக்கும் திறக்காதே என்று சொல்லியிருந்தார். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். அதிலிருந்து மகளுக்கு மனசே சரியில்லை. இது பாவமாகுமா?” என்பது அவர்கள் கேள்வி.

தனித்திருக்கும் பெண் முன்பின் அறியாதவருக்குக் கதவைத் திறக்காமல் இருந்ததைப் பாவம் என்று எவரும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை சொன்னது பாதுகாப்பை எண்ணித்தான். எனவே அந்தத் தாயார் மனம் ஆறட்டும். ஆனால் அந்தப் பெண்ணின் மனம் ஏன் உறுத்தியது என்பதும் கவனிக்கத் தக்கது. அவள் வளர்ந்தது நம் ஊரில். கோதண்டராமர் கோயில் உள்ள இந்த ஊரில் நம் வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குப் போசியில் அடுத்த வீட்டுக்குப் போவதும், பொங்கலன்று அங்கிருந்து கரும்பு வருவதும் யாரும் சொல்லிக் கொடுத்து நடப்பதில்லை. கை நீட்டி வந்தவரை வாசலில் நிறுத்துவது தவறு என்று அவளுக்குள் இருக்கும் வளர்ப்பு சொல்கிறது. அந்த வளர்ப்புக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டால், நிரம்ப உண்டு.

திருமறையின் நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா தன்னை வணங்குவதையும் பெற்றோருக்கு நன்மை செய்வதையும் கூறிவிட்டு, உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிடுகிறான். ‘அல்ஜாருல் ஜுனுப்’ என்று வரும் அந்தச் சொல்லுக்கு, உறவில்லாத அண்டை வீட்டார் என்றும், மார்க்கத்தால் வேறுபட்ட அண்டை வீட்டார் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கொண்டுள்ளனர். உறவினரைச் சொன்னதோடு நின்றிருந்தால், நமக்கு நம்மவர் போதும் என்று நாம் கதவைச் சாத்திக் கொள்ளலாம். அந்த வாய்ப்பை வசனம் நமக்குத் தரவில்லை.

ஹதீஸ்களிலும் அப்படியே. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் வலியுறுத்திக் கொண்டே இருந்ததில், அவர்களைச் சொத்துக்கு வாரிசாக்கி விடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்குப் போயிற்று என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதை நபித்தோழர்கள் எப்படி விளங்கிக் கொண்டார்கள் என்பதுதான் முக்கியம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. வீட்டாரிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே. அதற்குக் காரணமாக எடுத்துச் சொன்னதும் இந்த ஜிப்ரீல் ஹதீஸைத்தான். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி காணக் கிடைக்கிறது.

இன்னொரு ஹதீஸ். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், எனக்கு இரண்டு அண்டை வீட்டார் இருக்கிறார்கள், அன்பளிப்பை யாருக்கு அனுப்புவேன் என்று கேட்டார்கள். யாருடைய வாசல் உனக்கு நெருக்கமோ அவருக்கு என்று பதில் வந்தது. குலமோ மொழியோ கேட்கப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு மிக நெருங்கிய வாசல் அந்தச் சீன மூதாட்டியின் வாசல். நான்கு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் நம் ஊர்க்காரர் வீடு அதற்குப் பிறகுதான்.

நாற்பது வீடு வரை அண்டை வீடு என்று இமாம் ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள் முன்னும் பின்னும் வலமும் இடமும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அடுக்கு மாடியில் மேலும் கீழும் சேர்த்து எண்ணினால் கட்டடம் முழுவதுமே அண்டை வீடு ஆகிவிடும். மேல் வீடு, கீழ் வீடு என்றதும் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் வீடு நினைவுக்கு வருகிறது. மதீனா வந்த நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கினார்கள், வீட்டுக்காரர் தம்பதியர் மேலே. ஒரு நாள் மேலே தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே ஒரு சொட்டும் ஒழுகிவிடக் கூடாதே என்று பதறி, தாங்கள் போர்த்திக் கொள்ள வைத்திருந்த ஒரே போர்வையைக் கொண்டு கணவனும் மனைவியும் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். மாடி வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் படிக்க வேண்டிய பாடம் இது. இரவு பத்து மணிக்கு மேல் இஞ்சி பூண்டு இடிப்பவர்களும், குழந்தைகளைக் கட்டிலிலிருந்து குதிக்க விடுபவர்களும், ஈரத் துணியைக் கீழ் வீட்டார் துணி மேல் சொட்டும்படி காயப் போடுபவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சமையல் வாசனை ஒரு தனிப் பிரச்சினை. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் முழுவதும் பேசப்பட்ட செய்தி ஒன்று உண்டு. சீனாவிலிருந்து புதிதாய்க் குடியேறிய ஒரு குடும்பத்துக்கு அண்டை வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறிக் குழம்பு வாசனை ஒத்துக் கொள்ளவில்லை. வழக்கு அங்குள்ள சமூக சமரச நிலையத்துக்குப் போயிருந்தது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு சமைப்பது, பதிலுக்கு அவர்கள் அந்தக் குழம்பை ஒரு முறை சுவைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்றாம். செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று இனம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டில் குழம்பு வைத்து அண்டை அயலாருடன் உண்டார்கள். நாம் கவனிப்பது அந்தச் சமரசத்தின் பின் பாதியை. ஒரு கிண்ணம் முதல் நாளே போயிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காதோ என்று தோன்றுகிறது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உபதேசம் முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. கறியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார்கள். ஏழைக்கும் இயன்ற வழி அது. கொடுப்பது சிறிதே என்று வெட்கப்படவும் வேண்டாம். அற்பமான ஆட்டுக் குளம்பானாலும் அதை இழிவாய் எண்ண வேண்டாமென்று பெண்களை விளித்தே அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

வாங்குவதிலும் சட்டம் உண்டு. கிழவி கொண்டு வந்தது பழம். பழத்தை வாங்கி உண்பதில் எந்தத் தடையும் இல்லை. மாற்று மார்க்கத்தார் தந்த அன்பளிப்புகளை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக் கொண்டதற்குப் பல சான்றுகள் இருக்கின்றன. எகிப்தின் முகவ்கிஸ் அனுப்பியதையும், அய்லா நாட்டு மன்னர் அனுப்பிய வெள்ளைக் கோவேறு கழுதையையும் அவர்கள் பெற்றுக் கொண்டார்கள். இறைச்சி வேறு விஷயம். அறுத்தவர் யார், எப்படி அறுக்கப்பட்டது என்பது தெளிவாக வேண்டும். சீன அண்டை வீட்டார் சமைத்த இறைச்சியை நாம் உண்ணலாகாது. பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற ஐயமுள்ள பலகாரமும் அப்படியே. படையலில் வைத்தது என்று தெரிந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். இவற்றை மறைத்துப் பொய்க் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் மார்க்கத்தில் இன்னின்னது கூடும், இன்னின்னது கூடாது என்று சிரித்த முகத்தோடு ஒரு முறை சொல்லிவிட்டால் பெரும்பாலோர் விளங்கிக் கொள்வார்கள். அடுத்த முறை பழமோ பிஸ்கட் டப்பாவோ வரும். அவர்கள் பாத்திரத்தில் வந்தது பற்றிச் சந்தேகம் கேட்கிறார்கள். வேறு பாத்திரம் இல்லையென்றால் கழுவிவிட்டு உபயோகிக்கலாம் என்று அபூ ஸஃலபா (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது பாத்திரத்தை வெறுமையாய்க் கொடுக்காதிருப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம்.

அந்தத் தாயாரிடம் நாம் சொன்னதும் இதுதான். நாள் கழிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், மகளும் மாப்பிள்ளையும் விடுமுறை நாளில் சேர்ந்து போய் அந்தக் கதவைத் தட்டட்டும், கையில் கொஞ்சம் பழம் கொண்டு போகட்டும், அன்று திறக்காததற்குக் காரணத்தைச் சொல்லட்டும் என்றோம். “பாஷை தெரியாதே?” என்றார்கள். உண்மைதான். ஆனால் பாஷை என்பது கதவுக்கு வெளியே நின்று கற்றுக் கொள்ளும் பொருளன்று. ஹபஷா நாட்டில் வளர்ந்து மதீனா வந்த உம்மு காலித் என்ற சிறுமிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் புது ஆடை அணிவித்து, அழகு என்பதற்கு ஹபஷா மொழியில் உள்ள ‘ஸனா’ என்ற சொல்லைச் சொல்லி மகிழ்வித்தார்கள். ஒரே ஒரு சொல். அந்தக் குழந்தை அதை மறக்கவே இல்லை, பெரியவளானதும் தானே அறிவித்தாள். மலாய்க்காரர் வீட்டுப் பக்கம் குடிபோனால் நமக்கு இன்னும் எளிது. அண்டை வீட்டாரை அவர்கள் ‘ஜிரான்’ என்பார்கள். அது அரபியின் ‘ஜார்’ என்பதற்குப் பன்மை. நாம் மதரஸாவில் ஓதிய சொல்.

ஹபஷா என்றதும் நம்மவர் பலர் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் முதன்முதலாக அந்நிய நாட்டுக்குக் குடிபோனது மதீனாவுக்கு அல்ல. கி.பி. 615-ல் செங்கடலைக் கடந்து கிறிஸ்தவ நாடான ஹபஷாவுக்குப் போனார்கள். சிலர் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, கைபர் வெற்றியின்போதுதான் திரும்பினார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அந்த நாட்களை விவரிக்கும்போது நஜ்ஜாஷி மன்னரை மிகச் சிறந்த அண்டை வீட்டார் என்றே குறிப்பிடுகிறார்கள். அரசரைச் சொல்ல வேறு சொல்லா கிடைக்கவில்லை? பின்னர் அந்த மன்னருக்கு எதிராக ஒருவன் கிளம்பிப் போர் மூண்டபோது, முஸ்லிம்கள் அவருடைய வெற்றிக்காகத் துஆச் செய்தார்கள். நிலவரம் அறிய இளைஞரான ஸுபைர் (ரலி) அவர்கள் ஊதிய தோல் துருத்தியை நெஞ்சுக்கடியில் வைத்து நைல் நதியை நீந்திக் கடந்தார்கள். மன்னர் வென்ற செய்தி கேட்டு அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. குடியேறிய நாட்டின் சுக துக்கத்தில் பங்கு கொள்வது என்றால் இதுதான்.

நம் தமிழ் முஸ்லிம்களும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பத்திரமாய்க் கரை சேர்ந்ததற்கு அங்கேயே நன்றி செலுத்தினார்கள். நம்மவர் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா நினைவிடத்தைக் கட்டினார்கள். ஹொக்கியன் சீனர் அதே தெருவில் 1842-ல் தங்கள் கோயிலைக் கட்டி முடித்தார்கள். கூச்சுப்பள்ளி என்று நம்மவர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும் அங்கேயே. சற்றுத் தள்ளி சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசலும், மறு ஆண்டு தொடங்கிய மாரியம்மன் கோயிலும் ஒரே சாலையில் நிற்கின்றன. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் வீதியும் இப்படித்தான். அந்தப் பாட்டனார்களுக்குச் சீன மொழி வந்திருக்குமா, தெரியாது. அண்டை வீட்டாரோடு வாழ வந்தது.

எப்போதும் எல்லாம் சுகமாகவே நடந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. 1964 ஜூலை 21 அன்று, அதுவும் மீலாது ஊர்வலத்தின்போது, சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் மூண்டு 23 உயிர்கள் போயின. மலாய்க்காரர் ஒரு பக்கமும் சீனர் ஒரு பக்கமுமாய்க் குடியிருந்த காலம் அது. பின்னர் 1989-ல் அந்நாட்டு அரசு, வீடமைப்புக் கழகத்தின் ஒவ்வொரு கட்டடத்திலும் எல்லா இனத்தாரும் கலந்து குடியிருக்கும்படி அளவு வகுத்தது. சட்டம் ஆளை அடுத்த கதவு வரை கொண்டு வந்து விடும். தட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

தட்ட விடாமல் தடுப்பது எது? முன்பெல்லாம் கூச்சம். இன்று கைப்பேசி. மகள் காலையில் அடுப்பு மூட்டும்போது தாயை அழைக்கிறாள், இரவு படுக்கும் வரை அந்தத் தொடர்பு அறுவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் குக்கர் விசில் அடித்தால் சிங்கப்பூரில் கேட்கிறது! தாய்மார்கள் கோபிக்க வேண்டாம், பிள்ளையோடு பேசுவது நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் அவளுக்குப் பிரசவ வலி கண்டால் இங்கிருந்து குரல்தான் போகும், கை போகாது. கணவர் வேறு ஷிஃப்டில் இருக்கும்போது அவள் மயங்கி விழுந்தால், இரண்டு நாளாய் அந்தப் பெண்ணைக் காணோமே என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

நம் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் வாழ்ந்தபோது பக்கத்தில் ஒரு செருப்புத் தைப்பவர் இருந்தார். பகலில் உழைப்பார். இரவில் குடித்துவிட்டு உரக்கப் பாடுவார். இமாமவர்கள் இரவெல்லாம் நின்று வணங்கும்போது அந்தப் பாட்டு காதில் விழுந்து கொண்டே இருக்கும். ஓர் இரவு குரல் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. விசாரித்தார்கள், காவலர் பிடித்துப் போனதாய்த் தெரிந்தது. ஃபஜ்ரு தொழுததும் வாகனத்தில் ஏறி ஆளுநரிடமே சென்று அவரை விடுவித்து அழைத்து வந்தார்கள். உம்மை நாங்கள் கைவிட்டு விட்டோமா என்று வழியில் கேட்டார்கள். அந்த மனிதர் அதன்பின் குடியை விட்டார் என்று வரலாறு கூறுகிறது. அவர் விடாமலே இருந்திருந்தாலும் இமாமவர்கள் செய்தது செய்ததுதான்.

நோய் விசாரிப்பதிலும் இப்படியே. தமக்குப் பணி செய்த யூதச் சிறுவன் படுத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்தபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். எனவே அண்டை வீட்டில் நோயோ மரணமோ நேர்ந்தால் போய் விசாரிக்கலாம், ஆறுதல் கூறலாம், வேண்டிய உதவி செய்யலாம். அவர்களுடைய வழிபாட்டுச் சடங்கில் பங்கெடுப்பது மட்டும் கூடாது. மணமாகாத வாலிபர் குடியிருக்கும் வீட்டுக்குப் பெண்கள் தனியே போவதும் வேண்டாம். கணவரோடு போகட்டும்.

நம்மவரோடு மட்டுமே பழக்கம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாய் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபினர். சேலம் வட்டாரத்தில் நாம் பெரும்பாலும் ஹனஃபிகள். அங்கே அஸர் பாங்கு நம் கணக்குக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள், ஃபஜ்ரில் குனூத் ஓதுவார்கள், ஆமீனை உரக்கச் சொல்வார்கள். நான்கும் ஹக்கான மத்ஹபுகள். அவர்கள் இமாமின் பின்னால் தாராளமாய்த் தொழலாம். அதைப் பற்றி அண்டை வீட்டில் விவாதம் கிளப்புவது மார்க்கப் பற்று என்று நினைக்கும் வாலிபர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு அந்த வீட்டுக்காரர்கள் நோன்பு திறக்க அனுப்பும் தட்டு சுவைக்காமலா போகிறது?

விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும் பிள்ளைகளின் பெட்டியை இனி கட்டும்போது, ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்த இடத்தில் சேலத்து ஜவ்வரிசி வடாம் இரண்டு பொட்டலம் சேர்த்து வையுங்கள். மாமிசம் கலவாதது, எந்த மார்க்கத்தாரும் உண்ணக் கூடியது, பெட்டியில் கெடாது. ஒன்று வலப்பக்கத்து வாசலுக்கு, ஒன்று இடப்பக்கத்து வாசலுக்கு. எண்ணெய் நன்றாய்க் காய்ந்த பின்தான் போட வேண்டும் என்பதையும் அந்தச் சீன மூதாட்டிக்கு மகளே அடுப்படியில் நின்று காட்டிக் கொடுக்கட்டும்.